வாசலில் கட்டிய வேப்பிலை

தாயை நம்பும் அன்பர்களுக்கு வணக்கம். நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சரியான வழியில் மனு போனால்தான் பதில் வரும் என்று பிறருக்குச் சொல்லிக் கொடுத்தே காலம் கழித்தவன். எனக்குப் பதில் வந்த வழி எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை.

1983 பிப்ரவரி. தில்லி கிட்வாய் நகரில் அரசாங்கக் குடியிருப்பு. என் மகள் வசந்தி கல்லூரி ஹாக்கி அணியில் தடுப்பாட்டக்காரி. அரையிறுதியில் எதிரணிப் பெண்ணின் மட்டை அவள் நெற்றிப்பொட்டில் பட்டது. விழுந்தாள். எழுந்து ஆடினாள். எல்லோரும் கைதட்டினார்கள். ரத்தம் வராத காயத்துக்கு அந்தக் காலத்தில் கைதட்டல்தான் வைத்தியம்.

வீட்டுக்கு வந்ததும், "அப்பா, நாங்க ஜெயிச்சோமா?" என்றாள். ஜெயித்தீர்கள் என்றேன். காபி குடித்துவிட்டு, "அப்பா, நாங்க ஜெயிச்சோமா?" என்றாள். முதலில் கேட்டதே அவளுக்கு நினைவில்லை. கணக்கில் பட்டம் படிக்கும் பெண்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். எலும்பு உடையவில்லை, மூளை குலுங்கியிருக்கிறது. ஓய்வு வேண்டும். படிப்பு, டிவி, சத்தம் கூடாது. "ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா உயிருக்கே ஆபத்து."

ஓய்வா? எங்கள் காலனியிலா? தமிழ்க் குடும்பங்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்தன. வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகவில்லை, தேர்வு நடத்தினார்கள்.

"வசந்தி, நான் யாரு சொல்லு பாப்போம்?" என்றார் எதிர் வீட்டு ராகவன்.

"ராகவன் மாமா."

"பேஷ்! பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு."

"மாமா, அது அடி படறதுக்கு முன்னாடியே எனக்கு வராது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போனதும் அவள் வாந்தி எடுத்தாள். வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று அழுதாள்.

அதற்கு மேல் ஹாக்கி அணியின் கோச் சாகிப். நல்ல மனிதர், பஞ்சாபி. இறுதி ஆட்டம் நெருங்குகிறது, மறுநாள் அழைத்துப் போக வருவதாகச் சொல்லி அனுப்பினார். வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் நேர்ல வந்து கூப்பிட்டா எனக்கு 'நஹீ', முடியாதுன்னு சொல்ல வராதுப்பா. போயிடுவேன்." என் மகளை எனக்குத் தெரியும். நான் தடுத்தாலும் கேட்காமல் போய்விடுவாள்.

அன்று மாலை என் மனைவி கோமதி மாரியம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். "தாயே, எம்பொண்ணு தலை ஆறுற வரைக்கும் யாரும் அவளைத் தொடாம பாத்துக்கோ." அவ்வளவுதான் வேண்டுதல். நானும் கைகூப்பினேன். வேறு மேல்முறையீடு எனக்கு இருக்கவில்லை.

விடிந்ததும் பால் வாங்கப் போன கோமதி, கையில் ஒரு வேப்பங்கொப்போடு திரும்பினாள். எங்கள் வாசலில் ஒடிந்து கிடந்ததாம். காற்றில் விழுந்தது என்பீர்கள். காற்றுதான். ஆனால் கேட்டதற்கு மறுநாள், எங்கள் வாசலில் ஏன் விழ வேண்டும்? கோமதி அதை வாசல் நிலையில் கட்டினாள்.

"ஏய், வீட்டுல அம்மை போட்டிருக்குன்னு நெனைப்பாங்களே?"

"நெனைக்கட்டுமே. நாம சொன்னமா? காவலுக்குத் தாயைக் கூப்பிட்டிருக்கேன், அவ்வளவுதான்."

ராகவன் தெருவிலேயே நின்றுவிட்டார். "அம்மன் வந்திருக்காளா கோமதி?"

"அவதாண்ணா பாத்துக்கறா."

பதில் உண்மை, கேள்விக்கு உரியதல்ல. அலுவலகத்தில் இப்படி எழுத எங்களுக்குப் பல வருஷம் பிடிக்கும்.

கோச் சாகிபும் வந்தார். வடக்கத்தியருக்கும் அம்மை என்றால் அம்மன்தான். வேப்பிலை அவருக்கும் புரியும். செருப்பைக் கழற்றினார், கைகூப்பினார், "ஜெய் மாதா தீ" என்று சொல்லிப் பின்வாங்கினார். எத்தனையோ முறை சொல்லியும் கேட்காத மாடி வீட்டு சர்மா, தானாகவே டிவி சத்தத்தைக் குறைத்தார். வீட்டில் தாளிப்பு வாசனை இல்லை, பேச்சு இல்லை. ஜன்னலை மூடிய இருட்டறையில் வசந்தி பல நாள் நிம்மதியாகத் தூங்கினாள். அத்தனை நாள் இருட்டு தேவையில்லை என்று இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இறுதி ஆட்டம் அவள் இல்லாமல் முடிந்தது. அவள் உயிரோடு இருந்தாள்.

பிறகு மெதுவாக வெளியே வந்தாள். முதலில் நடை, அப்புறம் ஓட்டம். ஏப்ரலில் கோச் சாகிப் மைதானத்தில் மட்டையை நீட்டினார். "ஆ ஜா பேட்டி, கேல்!" வா மகளே, ஆடு என்று அழைப்பு. நான் பக்கத்தில் நின்றேன். பதிலை அவளிடமே விட்டேன்.

வசந்தி மட்டையை வாங்கவில்லை. "நஹீ சார். ஓடினால் இன்னும் தலை சுற்றுகிறது. அது நின்ற பிறகு வருகிறேன்" என்று இந்தியில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. கோச் சாகிப் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். என் பதவி உயர்வு ஆணைகளில் எதுவும் எனக்கு அந்தப் பெருமையைத் தந்ததில்லை.

அடுத்த பருவத்தில் ஆடினாள், நன்றாகவே ஆடினாள். கணக்கிலும் முதல் வகுப்பு.

அன்பர்களே, உங்கள் பிள்ளை தலை வலிக்கிறது என்றால் முதலில் நம்புங்கள். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு தாயிடம் கேளுங்கள். நாங்கள் கேட்டது வாசலுக்குக் காவல். அவள் எங்கள் பெண்ணுக்கு 'முடியாது' என்று சொல்லும் வாயையும் சேர்த்துக் கொடுத்தாள்.