வாவியின் ஆழம் பார்த்தவர்

மட்டக்களப்புச் செட்டிபாளையத்து அருமைநாயகம் கொழும்பில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராயிருந்தார். தான் படித்த காலத்துக் குறிப்புகளையே வருடக்கணக்காகப் பட்ட வகுப்பு மாணவருக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார். அவருக்கே அது சலித்துப்போயிருந்தது. ஆனால் அங்கே எல்லோரும் அப்படித்தான்.

1941இல் கலாநிதி வினாயகமூர்த்தி துறைத் தலைவராக வந்தார். முதற்கூட்டத்திலேயே மேசையைத் தட்டினார்.

"ஆளுக்கொரு புது வேலையைத் தொடங்குங்கோ. பிழைச்சாலும் பரவாயில்லை, ஐசே. பின்னுக்கு நான் நிக்கிறன்."

அன்று முழுவதும் அருமைநாயகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடலோடு சேரும் மட்டக்களப்பு வாவியில் சில வருடங்களில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதக்கும். ஏனென்று எவரும் ஆராய்ந்ததில்லை. வாவியின் ஆழத்தையும் அடித்தண்ணீரையும் இடத்துக்கிடம் பார்க்க வேண்டும் என்று தலைவரிடம் சொன்னார். தலைவர் தோளில் தட்டினார். "கேட்டுக்கொண்டு நிக்காதையும். போய்ச் செய்யும்."

அடுத்த சித்திரையில் கொழும்பில் ஜப்பான்காரரின் குண்டு விழுந்தது. கல்லூரியை மூடினார்கள். அருமைநாயகம் ஊர் வந்து சேர்ந்த சில நாட்களில் கிழக்கே கடலிலும் வெடிச்சத்தம் கேட்டது. எண்ணெய் படிந்த பலகைத் துண்டுகள் கரையொதுங்கின. சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் போகத் தொடங்கினார்கள்.

"இந்த நேரத்தில வாவிக்கப் போகாதீங்க. சனம் ஒரு மாதிரிக் கதைக்குது," என்றாள் மனைவி அன்னப்பூரணி.

"லீவில பாக்காட்டி எப்ப பாக்கிற?" என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார்.

தோணி காத்தான்குடி உசனாருடையது; அவரே அதை வலித்தார். அருமைநாயகம் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தார். போத்தல்களில் அடித்தண்ணீர் எடுத்தார். ஒவ்வோரிடத்தையும் ஒரு படத்தில் குறித்தார். மீன் பிடிக்கும் தோணிகள் அவர்களைக் கண்டதும் விலகிப்போயின. கரையில் சிலர் கூடி நின்றார்கள். அருமைநாயகம் கை காட்டினார். ஒருவரும் திருப்பிக் காட்டவில்லை.

"சேர், போவம்," என்றார் உசனார். "அவங்க நம்மளத்தான் பாக்காங்க."

"பாத்தா என்ன? நாம களவா எடுக்கம்?"

"ஜப்பான்காரன் உள்ளுக்கு வாறதுக்கு வழி அளக்கிற எண்டு செல்றாங்க, சேர்."

அருமைநாயகம் சிரித்தார். உசனார் சிரிக்கவில்லை. துடுப்பை மாற்றிப் போட்டுத் தோணியைக் கரைக்குத் திருப்பினார்.

மறுநாள் காலையில் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் முன்னே வர, பட்டாளத்தார் பின்னால் வந்தார்கள். கயிறு, போத்தல்கள், படம் எல்லாவற்றையும் அள்ளி, தோணியையும் பிடித்து, அருமைநாயகத்தையும் உசனாரையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். முகாமில் வெள்ளைக்கார அதிகாரி அந்தப் படத்தை மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். யார் சொல்லி அளந்தாய் என்று கேட்டார். துறைத் தலைவர் என்றார் அருமைநாயகம். எழுத்தில் இருக்கிறதா? இல்லை.

கொழும்புக்குத் தந்தி போயிற்று. அருமைநாயகம் பயப்படவில்லை. அடுத்த அறையில் அடைத்திருந்த உசனார்தான் சுவருக்கு அப்பாலிருந்து அடிக்கடி கேட்டார். "உங்கட பெரியவர் செல்லுவார்தானே, சேர்?"

"கட்டாயம் செல்லுவார்."

பதில் வந்தது. அருமைநாயகம் எங்கள் விரிவுரையாளர்தான்; ஆனால் இந்த வேலைக்குத் துறை அனுமதி வழங்கவில்லை. அதிகாரி அதை வாசித்தார். அருமைநாயகம் இன்னொரு முறை வாசிக்கும்படி கேட்டார். அதிலே பொய்யென்று காட்ட ஒரு சொல்லும் இல்லை. அதன் பிறகு சுவருக்கு அப்பாலிருந்து உசனார் கேட்டபோதெல்லாம் அவர் அறையின் மற்ற மூலைக்குப் போய் இருந்துகொண்டார்.

அன்னப்பூரணி அரசாங்கக் கச்சேரி வாசலில் நாட்கணக்காய்க் காத்து நின்றாள். கடைசியில் கணவருக்குப் படிப்பித்த பாதிரியார் ஒருவரைக் கூட்டிவந்து பிணைக் கையெழுத்து வைப்பித்துத்தான் அவரை வெளியே எடுத்தாள். உசனாரை வெளியே விட இன்னும் பல கிழமைகள் சென்றன. தோணி திரும்பி வரவேயில்லை. சந்தையில் ஒருமுறை எதிர்ப்பட்டபோது உசனார் சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு மற்றப் பக்கமாய்ப் போனார்.

கல்லூரி திறந்தது. வினாயகமூர்த்தி நடைபாதையில் அவரைக் கண்டு நின்றார்.

"தப்பினீர், ஐசே. என்னாலை வேறென்ன செய்யேலும்? கல்லூரியின்ரை பேர் ஒண்டு இருக்கெல்லே."

"ஓம், சேர்."

அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் துறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கறையானைப் பற்றி ஆராயத் தொடங்கியவர் பெட்டியை மூடி அலமாரியில் வைத்தார். மாணவரை வெளியே கூட்டிப்போய்ப் படிப்பிக்க இருந்தவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கூட்டங்களில் தலைவர் ஏதாவது கேட்டால் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் இப்படி ஆனார்கள் என்று அவர் உண்மையாகவே வியந்தார்.

புதிதாய்ச் சேர்ந்த ஏறாவூர் இப்றாஹிம் மட்டும் ஒருநாள் அருமைநாயகத்தின் அறைக்கு வந்தார். லீவில் ஊருக்குப் போய் வாவியோரத்தில் இறால் வளர்ப்புப் பற்றி ஏதோ செய்து பார்க்க அவருக்கு ஆசை. "தலைவர் செய்யச் செல்லிட்டார். நான் தொடங்கட்டா, சேர்?"

"எழுத்தில வாங்குங்க தம்பி."

இப்றாஹிம் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் வெளிச்சமில்லை.

"என்ன சொன்னார்?"

"'எழுத்து எதுக்கு, என்னிலை நம்பிக்கை இல்லையோ' எண்டு கேட்டுச் சிரிச்சார்."

அருமைநாயகம் பழைய வகுப்புக் குறிப்புகளை எடுத்துப் புரட்டினார். இப்றாஹிம், வருகிற லீவுக்கு ஊருக்குப் போக யோசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.