பேக்கரி விளையாட்டு

இந்த நாட்டில் பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்தால் தாயையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வாரம் முழுக்க நானும் மகனோடு போய் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டுமாம். அதற்குத் ‘தில்வென்னிங்’ என்று பெயர்; பழக்கப்படுத்துதல் என்று பொருள் சொன்னார்கள். நோர்வேயின் வடகோடியில், மீன் ஆலை ஒன்றை நம்பிப் பிழைக்கும் சிறு பட்டினம் எங்களுடையது. மட்டக்களப்பில் அரசாங்கக் கச்சேரியில் கோப்பு எழுதும் லிகிதராக இருந்த என் கணவர் அங்கே மீன் வெட்டுகிறார். பிள்ளையின் பள்ளியில் நான், முழங்கால் நாடியில் முட்ட, ஒரு சின்னக் கதிரையில் கோப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். இங்கர் என்ற இளம் ஆசிரியை நிலத்தில் தவழ்ந்து தவழ்ந்து பிள்ளைகளோடு கதைத்தார். அவரை ‘டீச்சர்’ என்று யாரும் கூப்பிடுவதில்லை. மூன்று வயதுப் பொடியன்கூட ‘இங்கர்!’ என்று ஏவுகிறான். இடைக்கிடை அவர் என்னிடம் வந்து, “எல்லாம் நல்லதா?” என்று கேட்பார். மகன் ஆதவன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தான். எழும்பு என்று சொல்லும்வரை எழும்பவில்லை. “எவ்வளவு நம்பிக்கையான பிள்ளை!” என்று இங்கர் வியந்தார். இருக்கச் சொன்னால் இருக்கவேண்டும் என்பதை அவன் எங்கே படித்தான் என்று சொல்ல எனக்கு நோர்வேஜிய மொழி போதவில்லை. உண்மையில் அந்த வாரம் பழக்கப்படவேண்டி இருந்தது நான்தான்.

பள்ளிக்கு முன் சுகாதார நிலையத்தில் அவனுடைய வளர்ச்சியைச் சோதித்தார்கள். கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார்கள், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள், பந்தை எறிந்து பிடிக்கச் சொன்னார்கள். பந்து அவன் நெஞ்சில் பட்டு உருண்டோடியது. தாதி முகத்தைச் சுளிக்காமல் ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. கேட்கவேண்டியதைக் கேட்டிருந்தால் என் மகன் இந்தப் பட்டினத்துப் பிள்ளைகள் எல்லாரையும் வென்றிருப்பான். றோட்டில் வருவது பஸ்ஸா, ட்ரக்கா, கவச வாகனமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். வரிசையில் அசையாமல் நிற்பான். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று புது ஆள் கேட்டால் தகப்பன் பேரைக்கூட மறந்துபோவான். மற்றப் பிள்ளைகள் அம்மா, பால், நிலா என்று சொல் பழகும் வயதில், இவனுடைய மூன்றாவது சொல் ‘ஆமி’.

அவனை முதன்முதலில் பள்ளியில் சேர்த்தது மட்டக்களப்பில், எங்கள் ஊரான தேற்றாத்தீவில். வாசிகசாலை மண்டபத்தில், பேப்பர் வாசிக்கும் மேசைகளை ஒதுக்கிவிட்டு நடத்திய பாலர் பாடசாலை. அங்கே தாய்மாருக்குப் பழக்கப்படுத்துதல் எதுவும் கிடையாது; வாசலில் பிள்ளையைப் பிடுங்கி உள்ளே எடுத்துவிட்டு, “நீங்க போங்க புள்ள, நிண்டா அழுவான்” என்று டீச்சர் கதவைச் சாத்துவார். அந்தப் பள்ளி திறந்திருந்த நாள்களைவிடப் பூட்டியிருந்த நாள்கள்தான் அதிகம். திறந்தாலும் பாதியில் மணி அடிக்கும். அப்படியிருந்தும் மாணவர்கள் வேகமாக வளர்ந்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும். இங்கே ஒரு பிள்ளைக்கு மழைச் சட்டையைத் தானாகப் போடப் பழக்க ஒரு மாரிகாலம் முழுவதையும் செலவழிக்கிறார்கள். அங்கே மேசைக்கடியில் நுழைந்து படுக்க ஒரு காலைப்பொழுதில் பழக்கிவிட்டார்கள்.

கணவர் அதற்கு முன்பே நோர்வேக்குப் போய்விட்டதால், ஆதவனைத் தினமும் பள்ளிக்குத் தூக்கிப்போனது என் தம்பி ரவி. எங்கள் வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்தது. நெல் அந்தக் கரையில் விளையும். சோறு இந்தக் கரையில் ஆக்கவேண்டும். அந்தக் கரையில் பொடியன்களின், அதாவது இயக்கத்தின் சட்டம், இந்தக் கரையில் ஆமியின் சட்டம். தோணியில் போய் வயல் வட்டையைப் பார்த்துவிட்டு வரும் ரவியை இரண்டு பக்கத்தாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: அங்கே உனக்கு என்ன வேலை? களை பிடுங்கப் போனேன் என்ற பதில் இரண்டு கரையிலும் எடுபடவில்லை. பயிருக்கு அரசியல் தெரியாது என்பதை நம்புவதற்கு ஆள் இல்லாத காலம் அது.

ஒரு நாள் காலையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து, எல்லாரும் மகாவித்தியாலய மைதானத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்தது. பாலர் பாடசாலையும் வரிசையாக வந்தது, கழுத்தில் தண்ணீர்ப் போத்தலோடு. ஒரு ஜீப்புக்கு முன்னால் கதிரை போட்டு ஓர் ஆளை இருத்தியிருந்தார்கள். தலைக்குச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஊரார் ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நின்றுவிட்டுப் போகவேண்டும். அவன் தலையை ஆட்டினால் ஆள் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மறுபக்கம். தலையாட்டி என்பது எங்கள் ஊரில் பொம்மையின் பெயராக இருந்தது. யுத்தம் அதை ஓர் உத்தியோகமாக்கிவிட்டது. ரவி ஆதவனைத் தோளில் வைத்திருந்தான். அவனுடைய முறை வந்ததும், “அக்கா, புள்ளயப் புடிங்க” என்று என்னிடம் தந்துவிட்டு முன்னால் போனான். சாக்கு அசைந்தது. என் இடுப்பில் இருந்த பிள்ளை அதைப் பார்த்து, விளையாட்டென்று நினைத்துத் தானும் தலையை ஆட்டினான்.

அன்று ரவியை ஆமி கொண்டுபோனது. அதற்குப் பிறகு நானும் மகனும் முகாம் வாசலுக்குப் போகத் தொடங்கினோம். ஆண்கள் போனால் திரும்பி வருவது உறுதியில்லை என்பதால், கைப்பிள்ளைக்காரி போவதுதான் பத்திரம் என்று ஊர் தீர்மானித்தது. முந்தானையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு வேலியைப் பிடித்தபடி, “சேர், என்ட தம்பிய விடுங்க” என்பேன். ஒரு நாள் ஓர் அதிகாரி வெளியே வந்தார். மிகவும் மரியாதையான மனுசன். “இங்க அப்பிடி ஆள் இல்ல” என்று தமிழிலேயே சொன்னார். அதைச் சொல்ல மட்டும் தமிழ் படித்திருந்தார். காவலுக்கு நின்ற சின்னப் பையன் ஒருவன், நான் அழுவதைப் பார்க்கமுடியாமலோ என்னவோ, பிள்ளையின் கையில் தின்ன ஓர் இனிப்புப் பணிஸைத் திணித்தான். அதன்பின் போகும்போதெல்லாம் பணிஸ் கிடைத்தது. சில நாள்களில் விடியவே ஆதவன் என் சேலையைப் பிடித்து இழுப்பான்: “அம்மா, ஆமிட்டப் போவமா?” தம்பி கிடைக்கவில்லை. பிள்ளைக்கு நிறை கூடியது. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்த மருத்துவமாது என்னைப் பாராட்டினார்.

பிறகு நோர்வேயில் இருந்த கணவர் எங்களைக் கூப்பிட்டார், வந்து சேர்ந்தோம். பழக்கப்படுத்தும் வாரம் முடிந்து பல நாள்களுக்குப் பிறகு, ஒரு பின்நேரம் மகனைக் கூட்டிவரப் போனபோது இங்கர் வாயில் விரலை வைத்துச் சத்தம் போடாதே என்று காட்டி, என்னைக் கதவோரம் நிறுத்தினார். உள்ளே பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஊலா என்ற தடித்த பொடியன் பேக்கரிக் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கதிரையில் இருந்தான். பையில் இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டியபோதெல்லாம் என் மகன் ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக் கொண்டுபோய்ச் சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் இருத்தினான். பிறகு சீரி என்ற மஞ்சள் முடிச் சிறுமி கழுத்துச் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். மூக்கை உறிஞ்சினாள். இரண்டு கையையும் நீட்டி, சுத்தமான மட்டக்களப்புத் தமிழில் சொன்னாள்:

“சேர், என்ட தம்பிய விடுங்க.”

“இங்க அப்பிடி ஆள் இல்ல,” என்றான் என் மகன்.

இங்கர் என் தோளை அணைத்து, “எவ்வளவு அழகு! எல்லாப் பிள்ளைகளும் தமிழ் பேசுகிறார்கள். ஆதவன்தான் படிப்பித்தான். இது உங்கள் நாட்டு விளையாட்டா?” என்று கேட்டார். ஓம் என்பதா இல்லை என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் ஓம்தான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். மீன் செதிள் ஒட்டிய கையோடு போய்க் கதவைச் சாத்தினார். “நீ ஒண்டும் வாய் திறக்காத. பிள்ளைக்கு மூளையில ஏதோ எண்டு டொக்டரிட்ட அனுப்புவாங்கள். பிறகு வளர்க்கத் தெரியாதெண்டு புள்ளயப் பறிச்சுப்போடுவாங்கள்.” பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள் என்ற பயம் இங்குள்ள நம்மவர்கள் எல்லாருக்கும் உண்டு. ஊரில் பறித்தவர்களிடம் இருந்து தப்பி வந்த பழக்கம். சட்டை மாறினாலும் ஆளை நம்பமுடியவில்லை. நான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. “ஒருத்தன்ட உயிர வெச்சு இதுகள் விளையாடுதுகள். சொல்லாம எப்பிடி இரிக்கிற?” என்றேன்.

அகராதியைப் பார்த்துச் சொற்களைப் பொறுக்கி, மறுநாள் காலை இங்கர் முன்னால் நின்றேன். சகோதரனுக்கு அவர்கள் ‘ப்ரூர்’ என்கிறார்கள்; பேக்கரியில் சுடும் பாணுக்கு ‘ப்ரோ’. என் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வந்திருக்கவேண்டும். “இது விளையாட்டு இல்லை. என் சகோதரன். கொண்டுபோனார்கள். நான் கேட்டேன், தரவில்லை. ஒவ்வொரு நாளும் போய்க் கேட்டேன்” என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். இங்கரின் கண் கலங்கியது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்பாடா, விளங்கிவிட்டது என்று நினைத்தேன். “யுத்தத்தில் பாண்கூடக் கிடைக்கவில்லையா?” என்றார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. காகிதப் பை, வரிசை, கைநீட்டிக் கேட்பது, இல்லை என்ற பதில் எல்லாம் அவருக்குப் பளிச்சென்று பொருந்திவிட்டன. பேக்கரிக்காரனிடம் பாண் கேட்கும் விளையாட்டு! போதாக்குறைக்கு நம்முடைய ‘சேர்’ அவர்களுடைய காதில் ‘அன்பே’ என்று விழுகிறது. அன்பே, எனக்குப் பாண் தாரும். இல்லையென்று திருத்த நான் எடுத்த ஒவ்வொரு சொல்லும் அந்தப் பேக்கரியை இன்னும் உறுதியாகக் கட்டி எழுப்பியது. கடைசியில் அவர், பெற்றோர் விழாவில் இதையே மேடையேற்றப்போவதாகவும், பாண் இல்லை என்று முடிந்தால் பிள்ளைகள் வருந்துவார்கள் என்பதால் ஒரு கூடை பணிஸ் வைக்கப்போவதாகவும் அறிவித்தார்.

விழாவுக்குக் கணவரும் வந்தார். போகாமல் விட்டால் சந்தேகப்படுவார்கள் என்பது அவருடைய கணக்கு. மகனுக்குப் பேக்கரிக்காரரின் உயரமான வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார்கள். ஊலா தலையை ஆட்டினான். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் மூலையில் இருந்தார்கள். பெற்றோர் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். என் பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர், அவரும் சிறுவயதில் இதைப்போல ஒன்று விளையாடியதாகச் சொன்னார். சீரி சால்வையோடு வந்து கையை நீட்டினாள்.

“சேர், என்ட தம்பிய விடுங்க.”

மகன் வாயைத் திறந்தான். பின் மூடினான். கூட்டத்துக்குள் என்னைத் தேடினான். நான் அழுதுகொண்டிருந்தேன், சேலைத்தலைப்பை வாயில் அடைத்திருந்தேன். முகாம் வாசலில் எப்படி இருந்தேனோ அப்படித்தான் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

“ஓம்,” என்றான். “கூட்டிட்டுப் போங்க.”

மேடையில் யாருக்கும் அது விளங்கவில்லை. பழகிய பாடத்தில் இல்லாத வசனம். பிள்ளைகள் மூலையிலேயே இருந்தார்கள். அவன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு போய் ஒவ்வொருவராகக் கையில் பிடித்து எழுப்பி, சீரியிடம் கொண்டுவந்து விட்டான். எல்லாரையும் விட்டு முடிந்ததும் ஊலாவின் தலையில் இருந்த பையைக் கழற்றினான். வேர்த்துச் சிவந்துபோயிருந்த அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவனுக்கும் ஒரு பணிஸ் கொடுத்தான். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கணவர் கைதட்டவில்லை, என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். இங்கர் ஓடிவந்து, “ஊர் நினைவு வந்துவிட்டதா?” என்று என்னைக் கட்டிக்கொண்டார். அந்த ஒரு தடவை அவர் சரியாகத்தான் விளங்கிக்கொண்டார்.

ரவியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. எத்தனை அதிகாரிகள் மாறினார்கள், எத்தனை பேர் அப்படி ஆள் இல்லை என்று எங்களுக்கு மரியாதையாகச் சொன்னார்கள்! ஆளைக் கூட்டிப்போகச் சொன்ன ஒரே அதிகாரிக்கு வயது நான்கு. ஆதவன் இப்போது பந்து பிடிக்கிறான், சறுக்குகிறான், மழைச் சட்டையைத் தானாகவே போடுகிறான். தமிழில் கேட்டால் நோர்வேஜியத்தில் பதில் சொல்கிறான். அந்த விளையாட்டை அவன் மறந்துவிட்டான். அவன் மறந்ததில் எனக்கு நிம்மதி; எல்லாரும் மறந்துவிடுவார்களோ என்று கலக்கமும் இருக்கிறது.

ஆனால் சீரி மறக்கவில்லை. சாமான் கடையில் என்னைக் கண்டால் தாயின் கையை உதறிவிட்டு ஓடிவருவாள். இந்தப் பட்டினத்தில் எனக்குத் தமிழில் வணக்கம் சொல்லும் ஒரே ஆள் அவள்தான்; அந்த வணக்கம் எதுவென்று சொல்லத் தேவையில்லை. “என் மகள் உங்கள் மொழி பேசுகிறாள்!” என்று தாய் பூரிப்பாள். கடை நடுவே உருளைக்கிழங்குப் பையோடு நிற்கும்போது அது காதில் விழுந்தால் மறுபடியும் முகாம் வாசலில் நிற்பேன். அதனால் ஒரு நாள் குனிந்து அவளுக்கு வேறு ஒரு வசனம் சொல்லிக்கொடுத்தேன்: “சாப்பிட்டீங்களா?” நம் ஊரில் ஒருவரைக் கண்டால் கேட்பது இதைத்தான் என்று, தெரிந்த சொற்களில் விளக்கினேன். கெட்டிக்காரி, இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள். அடுத்த கிழமை பனிக்குள்ளால் சறுக்கி ஓடிவந்து, மூச்சு வாங்க என் முன்னால் நின்று, பெருமையோடு இரண்டையும் சேர்த்தே கேட்டாள்:

“சேர், என்ட தம்பிய விடுங்க, சாப்பிட்டீங்களா?”

எதற்குப் பதில் என்று எனக்கே தெரியாமல், “ஓம் மகள், ஓம்” என்றேன்.