உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்

அந்தச் சட்டி ஒரு கல்யாணத்தையே கலைத்த சட்டியாம். பஸ் பணிமனைக் கேன்டீன் அக்காதான் சொன்னாள். அவளுக்கு ஏழாம் நம்பர் பஸ் டிரைவர் சொன்னானாம். அவனுக்கு அவன் மச்சான் சொன்னானாம். மச்சானுக்கு யார் சொன்னது என்று கேட்டால், "பஸ்ல பேசிக்கிட்டாங்க" என்பதோடு பாதை முடிந்துவிடுகிறது.

"புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு அண்ணே. மாமியாருக்கு விருந்து வைக்கிறேன்னு காலையிலயே கோழியைப் போட்டு மூடி வச்சிருக்கு. அது கரண்டுல எட்டு மணி நேரம் வேகுற சட்டி. மாமியார்க்காரி சும்மா இருப்பாளா? கால் மணிக்கு ஒரு தடவை மூடியைத் தூக்கித் தூக்கிப் பாத்திருக்கா. தூக்கறப்பல்லாம் சூடு ஓடிப்போயிடும்ல? சாயந்திரமாகியும் கோழி கல்லு மாதிரி கிடக்கு. 'நீ எதைத்தான் உருப்படியா செஞ்சே'ன்னு அவ கேக்க, இது ஒண்ணு சொல்ல, பொண்ணு சட்டியோட பஸ் ஏறிடுச்சாம். இறங்கும்போது சட்டியை மட்டும் விட்டுட்டு இறங்கிடுச்சாம்."

"நீ பாத்தியா?" என்றார் சீட்டுக்காரர்.

"நான் எங்க பாத்தேன்? சொன்னாங்க. போயும் போயும் அந்தச் சட்டியிலயா உங்க மகளுக்கு ஆக்கிப் போடப் போறீங்க?"

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. சீட்டுக்காரர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். ஆனால் 'மகளுக்கு' என்ற சொல், தொண்டையில் மீன் முள் மாதிரி, அன்று முழுக்க அவரிடமே இருந்தது.

சீட்டுக்காரர் என்றால் சீட்டு ஆடுகிறவர் என்று பணிமனைக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அவர் ஆயுளில் சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. பஸ்களில் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களையெல்லாம் வாங்கி வைக்கிற அறைக்கு அவர்தான் பொறுப்பு. பத்தொன்பது வருடமாக. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மஞ்சள் அட்டைச் சீட்டு. அதில் தேதி, பஸ் எண், கிடைத்த இடம், பொருளின் விவரம். கடைசி வரி எல்லாச் சீட்டுக்கும் ஒன்றுதான்: உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும். வெள்ளை நூலால் இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பொருள் தொலைந்தது அல்ல, காத்திருப்பது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொள்வார். குடைகள், ஒற்றைக் கையுறைகள், ஒருமுறை யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன பல்செட். அந்தப் பல்செட்டின் சொந்தக்காரர் பஸ்ஸில் எதைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பார் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தவர் அவர்.

ஆறு மாதம் வரை யாரும் வராவிட்டால் பொருளை, பழைய சாமான்களை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும் தர்மக் கடையின் வண்டிக்கு அனுப்பிவிட வேண்டும். அது விதி.

அந்த விதிதான் அவர் வீட்டுக்குள் புகுந்தது.

மகள் வேலை கிடைத்து நகரத்தின் மறுகோடிக்குக் குடிபோனபோது பாதிச் சாமானை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். "அறை சின்னதுப்பா, அப்புறம் எடுத்துக்கிறேன்" என்றாள். அவள் போன அன்று மாலை வீடு காலிப் பெட்டி மாதிரி சத்தம் போட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பணிமனையிலிருந்து கொஞ்சம் சீட்டுகள் கொண்டுவந்து, அவள் விட்டுப்போனதற்கெல்லாம் எழுதிக் கட்டினார். புத்தகங்கள் பதினான்கு, மேசை மேல். செருப்பு ஒரு ஜோடி, கதவருகில். பழுப்புக் கோட்டு ஒன்று, மூன்றாவது பொத்தான் மட்டும் பச்சை, அலமாரியில். அந்தக் கோட்டு அவர் மனைவியுடையது. அவள் கண்ணை மூடிய பிறகு குளிருக்கு மகள் போட்டுக்கொண்டது. வேறு யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். அவருக்கோ அதுதான் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொள்வது.

ஆறு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, தர்மக் கடை வண்டிக்காரன் அவர் வீட்டு வாசலில் நின்று, "வீட்டுலயும் எதாச்சும் இருக்கா சார்?" என்று கேட்டான். அலமாரிக் கோட்டில் மஞ்சள் சீட்டு தெரிந்தது. தேதி தெரிந்தது. கை பழக்கத்தில் பையைக் கட்டியது. கை செய்ததை மனசு கேட்டது மூன்று நாள் கழித்துத்தான். அதற்குள் கோட்டு எங்கெங்கோ போய்விட்டிருந்தது. அவர் ஒன்பது கடை ஏறி இறங்கினார், கிடைக்கவில்லை.

எட்டாவது மாதம் குளிர் வந்தது. கூடவே மகளும் வந்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

"அம்மா கோட்டு எங்கப்பா?"

தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது கடை ஏறினேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் வாயில் வந்தது விதி.

"ஆறு மாசம் ஆயிடுச்சேம்மா..."

"நான் என்ன, பஸ்ஸுலயாப்பா விட்டுட்டுப் போனேன்?" என்றாள். கதவை அறைந்து சாத்தக்கூட இல்லை, மெதுவாக ஒட்டவைத்துவிட்டுப் போனாள். அதோடு ஒரு வருடம் இரண்டு மாதம் பேச்சில்லை.

அன்றிலிருந்து அவர் எதையும் வண்டிக்கு அனுப்புவதில்லை. அறையில் குடைகள் கூரையைத் தொட்டன. பணிமனை மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "யோவ், இது அறையா, வௌவால் குகையா? வண்டிக்கு அனுப்பு, இல்ல நீயே எடுத்துட்டுப் போ. ஒண்ணாவது குறையட்டும்" என்று கத்தினார். கண்ணில் பட்டது அந்த மின்சாரச் சட்டி. கடைகளில் ஸ்லோ குக்கர் என்று விற்பார்கள். ஏழாம் நம்பர் பஸ், பின்சீட்டு, சட்டி ஒன்று, கண்ணாடி மூடி ஒன்று, உள்ளே ஒரு காகிதம். பத்தொன்பது வருடத்தில் அவர் வீட்டுக்கு எடுத்துப்போன முதல் பொருள் அது. எடுத்துப்போனது சட்டிக்காகக்கூட அல்ல, அந்தக் காகிதத்துக்காக.

யாரோ கையால் எழுதியிருந்தார்கள், தக்காளிக் கறை படிந்த காகிதம். தோல் உரித்த கோழித்தொடை எட்டு. வெங்காயம் இரண்டு. பூண்டு, மிளகு, கைக்கு வந்த அளவு. தக்காளி, கையால் பிசைந்தது. குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம். விருந்தாளி வர அரை மணி இருக்கும்போது பாஸ்தா. கடைசியில் பாலாடை, சீஸ். அதன் கீழே அழுத்தி எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது: 'நடுவில் மூடியைத் திறக்காதே. திறந்தால் இருபது நிமிடம் போச்சு.'

திறக்காமல், கிளறாமல், கேட்காமல், காத்திருந்தால் போதும் என்று சொல்கிற ஒரு சமையல். இது நமக்கு வரும் என்று அவருக்குத் தோன்றியது.

மகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நாலு நாள் உட்கார்ந்தார். 'அன்புள்ள' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. ஐந்தாம் நாள் ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தார், கை தானாக ஓடியது. 'சாப்பாடு ஒன்று. சூடாக. சனிக்கிழமை மாலை ஆறரை. சமையலறை மேசை மேல். உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்.' உறையில் போட்டு அனுப்பிவிட்டு, ஐயோ, மறுபடியும் சீட்டா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை போனில் ஒரு வரி வந்தது. 'வரப் பாக்கிறேன். கிளம்பினா மணி அடிக்கிறேன்.'

மணி அடிப்பது என்றால் அந்த வீட்டில் பேசுவது அல்ல. அவள் கல்லூரியில் படித்த காலத்து ஏற்பாடு அது. கிளம்பும்போது ஒரு மணி அடித்து வைத்துவிடுவாள், அவர் எடுக்கக் கூடாது. ஒரு மணி என்றால் கிளம்பிவிட்டேன். அவ்வளவுதான். அவர் உலையை ஏற்றிவிடுவார். இப்போது அவள் வீட்டிலிருந்து பஸ் நாற்பது நிமிடம். ஆறரைக்கு வர வேண்டுமானால் ஐந்து ஐம்பதுக்கு மணி அடிக்க வேண்டும். மணி அடித்துப் பத்து நிமிடத்தில் பாஸ்தா. கணக்கு அழகாக வந்தது. 'வரப் பாக்கிறேன்' என்பதில் உள்ள 'பாக்கிறேன்' மட்டும்தான் கணக்கில் அடங்கவில்லை.

சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. காலை ஒன்பதே முக்காலுக்கு எல்லாவற்றையும் சட்டியில் போட்டு மூடினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அவர் நாற்காலியைச் சட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடி மூடியில் மெல்லப் பனி படர்ந்தது. ஒரு துளி சேர்ந்து, யோசித்து, வழிந்தது. அது வழிந்த கோட்டின் வழியாக உள்ளே வெங்காயம் தெரிந்தது. பிறகு அந்தக் கோடும் மூடிக்கொண்டது.

மதியத்துக்கு வாசனை வந்தது. முதலில் பூண்டு, தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு தக்காளியும் மிளகும் கைகோத்துக்கொண்டு வந்தன. கூடத்துக்குப் போயின, அவள் அறைக்குள் போயின, காலி அலமாரிக்குள்ளும் போயிருக்கும். ஜன்னல் வெயில் மேசையிலிருந்து தரைக்கு இறங்கிப் படுத்துக்கொண்டது. சட்டி தூக்கத்தில் முனகுகிற குழந்தை மாதிரி முணுமுணுத்தது. அவருக்கும் கண் சொக்கியது.

பணிமனையில் அவருடைய அறையின் சாளரத்துக்கு முன்னால் நீளமான வரிசை. குடைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், வெளியே மழை. பல்செட்காரர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். வரிசைக் கடைசியில் அவர் மனைவி, கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு, குளிரில். அவர் எழுந்து ஓடினார். "உன் கோட்டு..." என்று ஆரம்பித்தார். அவள் கோட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூக்கை உறிஞ்சி, "உப்புப் போட்டீங்களா?" என்றாள்.

போன் மணி அடித்தது.

திடுக்கிட்டு எழுந்தார். ஒரு மணி. கை பாஸ்தா டப்பாவைத் தேடியது. இரண்டாவது மணி. அப்படியென்றால் மகள் இல்லை. மூன்றாவதில் எடுத்தார்.

"அண்ணே, மூடியைத் தொட்டீங்களா?" கேன்டீன் அக்கா.

"நீ என்ன, எனக்கு மாமியாரா? மணி மூணுதான் ஆகுது."

"இல்ல, மனசு கேக்கல. அந்தச் சட்டிக் கதை பொய்யாம் அண்ணே. டிரைவர் இப்பச் சொல்றான். அந்தப் பொண்ணு சண்டையெல்லாம் போடலையாம். அவ அம்மா வீட்டுக்குச் சமைச்சு எடுத்துட்டுப் போனாளாம். சாப்பிட்டுட்டு வரும்போது தூங்கிட்டு, சட்டியை விட்டுட்டாளாம்."

"இது யார் சொன்னது?"

"அவன் மச்சான்தான்."

"உப்புப் போட்டேனான்னு ஞாபகம் இல்லம்மா," என்றார் சீட்டுக்காரர்.

"கடைசில போட்டுக்கலாம். மனசுலயே வச்சுக்காம மககிட்ட ஒரு வார்த்தையும் பேசிடுங்க அண்ணே. கோழி மட்டும் வெந்தா போதுமா?" என்று வைத்துவிட்டாள்.

ஒரு வார்த்தை. அவர் அதை ஒரு வருடமாகப் பழகிக்கொண்டுதான் இருந்தார். பஸ் ஸ்டாப்பில், பல் துலக்கும்போது, குடைகளுக்கு நடுவில், உதடு அசையும், சத்தம் வராது.

ஐந்து ஐம்பது ஆனது. போன் சட்டிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. அவர் பாஸ்தாவை அளந்து வைத்திருந்தார், இரண்டு பேருக்கு. பிறகு ஒரு பிடி கூட்டினார். பிறகு, அதிகமாக எதிர்பார்ப்பது போல இருக்கிறதே என்று அந்தப் பிடியைத் திரும்ப டப்பாவில் போட்டார். ஆறு. கை மூடி வரைக்கும் போனது. கோழி வெந்திருக்குமா, உடைந்திருக்குமா, உப்பு இருக்கிறதா? கையை இழுத்துக்கொண்டு மறு கையால் பிடித்துக்கொண்டார். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா என்பார்கள். இவருக்கு ஆக்கவே பொறுக்கவில்லை. ஆறு பத்து. தெருவில் பஸ் ஒன்று நின்று கிளம்பியது. அது வேறு யாருடைய பஸ்ஸோ. ஆறரை. வெயில் தரையையும் விட்டுவிட்டுப் போய்விட்டிருந்தது. விளக்கைப் போட அவருக்கு மனம் வரவில்லை, சட்டியின் சிவப்புப் புள்ளி போதுமாக இருந்தது.

வரப் பாக்கிறேன் என்றுதானே சொன்னாள். பார்த்திருப்பாள்.

ஆறு முப்பத்தெட்டுக்குப் போன் மணி அடித்தது.

ஒன்று. அவர் மூடியைத் தூக்கினார். எட்டு மணி நேரத்துக்கு மேல் அடைந்து கிடந்த ஆவி எழும்பி முகத்தில் மோதியது. மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. கண் தெரியாமலே பாஸ்தாவைக் கொட்டினார், கரண்டியால் அழுத்தினார். கோழி எலும்பை விட்டுத் தானே கழன்று விழுந்தது. டப்பாவில் திரும்பப் போட்ட அந்த ஒரு பிடியையும் எடுத்துப் போட்டார். மூடினார். கிளம்பிவிட்டாள், கிளம்பிவிட்டாள்.

இரண்டு.

கரண்டி கையிலேயே நின்றது. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் பனி. போனில் பெயர் தெரியவில்லை, ஒரு வெளிச்சம் மட்டும் மேசையில் துடித்தது. கேன்டீன் அக்காவாக இருக்கலாம்.

மூன்று. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அக்கா இல்லை, மகள். வைக்கவில்லை. ஒரு மணியோடு நிறுத்தவில்லை. எடு என்கிறாள். வரவில்லை என்று சொல்லவா? வாசலில் நிற்கிறேன், கதவைத் திற என்று சொல்லவா?

நான்கு. எடுக்காதே, எடுக்காதே என்று பழகிய கை சட்டி ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையை விட்டுவிட்டு மற்றதை நீட்டினார். நீட்டும்போதே, இருட்டுச் சமையலறையில், போனுக்கும் சட்டிக்கும் கேட்கிற மாதிரி, முதல் தடவையாகச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா."

சத்தம் வந்தது. கரகரவென்று, ஆனால் வந்துவிட்டது. இன்னொரு தடவை சொல்ல முடியும் போலத்தான் இருந்தது.

ஐந்தாவது மணி அடித்துக்கொண்டிருந்தது.