ஒற்றை மரத்து நிலக்கிழார்

உச்சி வெயிலில் அர்கிரிஸ் தன் சொத்துக்கு எல்லைக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். கையில் ஒரு குச்சி. ஆலிவ் மரத்தின் நிழல் எதுவரை விழுகிறதோ அதுவரை மண்ணைக் கீறிக்கொண்டே வருகிறார். காற்றில் கிளை அசைந்தால் கோடும் அந்த இடத்தில் சற்று அசைகிறது. கோட்டுக்கு உள்ளே விழும் காய் அவருடையது. வெளியே விழுந்தால் பனோரேயாவுடையது. நிலம் முழுவதும் பனோரேயாவுடையதுதான். நடுவில் நிற்கும் இந்த ஒரு மரம் மட்டும் அர்கிரிஸுடையது.

எங்கள் கிரேக்க மலைக்கிராமம் பெத்ரோவூனியில் இது அதிசயமில்லை. மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய துண்டு துண்டான வயல்கள். அண்ணன் தம்பிகள் பிரித்துப் பிரித்து, இனிப் பிரிக்க மண் இல்லை என்றானதும் மரங்களைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அர்கிரிஸின் தாத்தா நிலத்தை மகனுக்குக் கொடுத்தார். அதில் நின்ற ஒரு மரத்தை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார். மகன் நிலத்தைச் சீட்டாட்டத்தில் விட்டான். மரம் அவனுடையது இல்லை என்பதால் அதை மட்டும் விட முடியவில்லை. நிலம் கைமாறிக் கைமாறிப் பனோரேயாவின் மாமனாரிடம் வந்து சேர்ந்தது. மரம் தாய்வழியாக அர்கிரிஸிடம் வந்தது.

இதை அவர் இத்தனை சுருக்கமாகச் சொல்லமாட்டார். அவரது வரலாற்றில் துருக்கியர்கள் இந்த மரத்துக்குப் பயந்து வேறு வழியாகப் போயிருக்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் வந்தபோது ஊரே இதன் கீழ் ஒளிந்திருக்கிறது. ஊரே ஒளிய அது ஒன்றும் ஆலமரம் இல்லை. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆளுக்கு வெயில்தான்.

தொழில் வெள்ளையடிப்பது. ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் ஊரின் சுவர்கள், மாதாகோயில் படிகள், கல்லறைத் தோட்டத்து மதில் எல்லாம் அவர் கையால் வெளுக்கும். மீந்த சுண்ணாம்பைத் தன் மரத்தின் அடியில் இடுப்பளவுக்குப் பூசுவார். பனோரேயாவின் மரங்கள் எல்லாம் கறுத்து நிற்க, நடுவில் இது மட்டும் ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டியதுபோல் நிற்கும்.

ஆனால் தொழில் என்ன என்று கேட்டால் அவர் வெள்ளையடிப்பவர் என்று சொன்னதில்லை. விவசாயி என்பார். எண்ணெய்ச் செக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் விதிப்படி ஆலிவ் மரம் வைத்திருப்போர் உறுப்பினராகலாம். எத்தனை மரம் என்று எழுத மறந்துவிட்டார்கள். எனவே ஒவ்வொரு கூட்டத்திலும் அர்கிரிஸ் முதல் வரிசையில் உட்கார்ந்து, "நம்மள மாதிரி விவசாயிங்க" என்று தொடங்கி நீண்ட நேரம் பேசுவார். ஆயிரம் மரம் வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

காபிக்கடை லூகாஸ் ஆண்டுதோறும் தவறாமல் விசாரிப்பான்.

"மாமா, உங்க தோப்புல இந்த வருஷம் விளைச்சல் எப்படி?"

"பரவாயில்லப்பா. வடக்குப் பக்கந்தான் கொஞ்சம் சுமார்."

சிரிக்காமல்தான் சொல்வார். வடக்குப் பக்கம் என்பது இரண்டு கிளை.

பனோரேயாவுக்கும் அவருக்கும் முப்பது வருடப் பகை. கணவர் போன பிறகு நிலத்தைத் தனியாகப் பார்ப்பவர் பனோரேயா, வாய் அரிவாள். நிழல் விழும் இடமெல்லாம் தன் காய்க்கு உரிமையுள்ள இடம் என்று அர்கிரிஸ் முதன்முதலில் சட்டம் பேசிய அன்று, "அப்ப சாயங்காலம் உன் சொத்து என் வீட்டு வாசல் வரைக்கும் வருமே, வந்து கோழியையும் பிடிச்சிட்டுப் போ" என்றாராம். அன்றிலிருந்து உச்சிவெயில் நிழல்தான் செல்லும் என்று ஒப்பந்தம்.

தகராறு அத்துடன் தீரவில்லை. சரிவான நிலம். கோட்டுக்குள் விழும் காய் சும்மா கிடக்காமல் உருண்டு, காய் சேர்க்கப் பனோரேயா தரையில் விரித்திருக்கும் வலைக்குள் போய்விடும். அர்கிரிஸ் இறங்கிப் போய், ஆயிரம் காய்களுக்கு நடுவில் குனிந்து ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டு திரும்புவார். அதில் பேர் எழுதியிருக்கிறதா என்று பனோரேயா கேட்பார். பெற்றவனுக்குத் தெரியாதா என்று இவர் சொல்வார். ஊருக்கு அறுவடை தொடங்கிவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரியும்.

போன ஆண்டு ஈஸ்டர் நெருங்கும்போது பனோரேயாவின் மகன் ஸ்தாதிஸ் ஏதென்ஸிலிருந்து வந்தான். நிலத்தை ஒரு பல் டாக்டர் கேட்கிறார். வீடு கட்டி நீச்சல்குளம் வெட்டப் போகிறார். குளம் வருகிற இடத்தில் சரியாக அர்கிரிஸின் மரம். அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. ஸ்தாதிஸ் தாராளமானவன். ஒரு மரத்துக்குப் பதிலாக ஆற்றங்கரையில் அவன் அப்பா விட்டுப்போன மூன்று மரங்களைத் தருவதாகச் சொன்னான். மண்ணோடு.

அர்கிரிஸுக்கு வாழ்நாளில் காலடி மண் சொந்தமாக இருந்ததில்லை. வீடும் மனைவி வழி. அன்று மாலை காபிக்கடையில் எல்லோருக்கும் ஊசோ சாராயம் வாங்கிக் கொடுத்தார். சின்ன விவசாயிகளின் கஷ்டத்தைத் தான் என்றும் மறக்கப்போவதில்லை என்றார்.

அதற்கு மறுநாள் அவர் ஏணியில் நின்று மாதாகோயில் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். நான் கீழே சுண்ணாம்பு கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பனோரேயா வந்தார்.

"சுண்ணாம்புக்காரா, கீழ இறங்கு."

அர்கிரிஸ் இறங்கவில்லை. உயரத்தில் இருக்கும் வாய்ப்பு தினமும் வருவதில்லை.

"ஏதென்ஸ்ல மூணாவது மாடியாம். ஜன்னலத் திறந்தா அடுத்த வீட்டு ஜன்னலாம். என்னையும் கூட்டிட்டுப் போறான். நிலத்த வித்துடலாம்மான்னான், சரிப்பான்னுட்டேன். பெத்த புள்ளகிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

அர்கிரிஸ் பிரஷ்ஷை வாளியில் தோய்த்தார்.

"ஆனா அவன்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கேன். அந்தாளு கல்லு. கையெழுத்துப் போடமாட்டான். இந்த மலையில அவன மாதிரிப் பிடிவாதக்காரன் கிடையாது, முப்பது வருஷமா அவனோட மாரடிக்கிறவ சொல்றேன்னு." ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டார். "என்னப் பொய்யாக்கிடாதே."

"மூணு மரம், ஸ்தாதிஸ் அம்மா," என்றார் அர்கிரிஸ். "மண்ணோட."

"தெரியும்," என்று சொல்லிவிட்டுப் பனோரேயா போய்விட்டார்.

அதன் பிறகு அர்கிரிஸ் ஏணியை நகர்த்தவே இல்லை. கை எட்டும் இடத்திலேயே அடித்ததையே அடித்துக்கொண்டிருந்தார். மாதாகோயில் சுவரில் அந்த இடம் மட்டும் இன்றும் தனியாக வெளுத்துத் தெரியும்.

கையெழுத்து நாளன்று நோட்டரி வந்தார், பல் டாக்டர் வந்தார், ஊரும் வந்தது. அர்கிரிஸ் கோட்டு அணிந்து வந்திருந்தார். பேனாவை வாங்கினார், மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார்.

"அந்த மூணு மரத்தையும் போய்ப் பாத்தேன்," என்றார். "பக்கத்துப் பக்கத்துல நிக்குது. நிழல் ஒண்ணோட ஒண்ணு கலக்குது. எங்கன்னு கோடு போடறது?"

"மூணும் உங்களுதுதானே மாமா," என்றான் ஸ்தாதிஸ். "கோடு எதுக்கு?"

"அதாம்ப்பா பிரச்சினை."

பனோரேயா எழுந்து நின்று அவரைச் சபித்தார். பிள்ளையின் வாழ்க்கையில் மண் போட்ட பாவி என்றார். அவன் சுண்ணாம்பு அவன் தலையிலேயே கொட்ட என்றார். பத்து நிமிடத்துக்குக் குறையாமல், ஒரு வசவு திரும்ப வராமல். அவர் ஒரு நாளும் இத்தனை உற்சாகமாகத் திட்டி நான் பார்த்ததில்லை. அர்கிரிஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

பல் டாக்டர் வேறு ஊரில் குளம் வெட்டிக்கொண்டார். நடுவில் அடுத்தவன் மரம் நிற்கிற நிலத்தை வாங்க வேறு யாரும் வரவில்லை. சரி, நீயாவது வா என்று ஸ்தாதிஸ் அம்மாவை அழைத்தான். நிலத்தைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அந்தப் பாவி இன்னும் ரெண்டு மரத்தை வளைத்துப்போடுவான் என்று பனோரேயா மிகுந்த வருத்தத்துடன் மறுத்துவிட்டார்.

ஊர் ஒரே மனதாகப் பனோரேயாவின் பக்கம். பாவம், ராணி மாதிரி மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்க வேண்டியவர். சங்கக் கூட்டத்தில் இப்போது அர்கிரிஸ் "நம்மள மாதிரி விவசாயிங்க" என்றதும் பின்வரிசையில், "மூணு மரம் வந்துச்சாம், நிழல் சரியில்லையாம்" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர் மறுப்பதில்லை. ஆற்றங்கரை நிழலின் குறைபாடுகளை விளக்கத் தொடங்கிவிடுகிறார்.

இந்த நவம்பரில் மேல்வயலில் ஆடு தேடிக்கொண்டு போனபோது கீழே இருவரையும் பார்த்தேன். பனோரேயா தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, கோலால் கிளையைத் தட்டிக்கொண்டிருந்தார். அர்கிரிஸ் கோடு போட்டு முடித்திருந்தார். கோட்டுக்குள் விழுந்த ஒரு காய் உருண்டு உருண்டு பனோரேயாவின் வலைக்குள் போனது. அர்கிரிஸ் வழக்கம்போல் இறங்கிப் போனார். குனிந்து, ஆயிரம் காய்களுக்கு நடுவில் அதை எடுத்தார். சட்டைக் கையில் துடைத்தார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு பனோரேயாவின் முதுகை ஒரு முறை பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பனோரேயாவின் சாக்கில் போட்டு, அது திரும்ப வெளியே உருண்டு வந்துவிடாதபடி சாக்கின் வாயை முறுக்கிவிட்டார்.