கடைசி நாற்காலி

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் எனக்கு முதல் வேலை. ஆசிரியர் அறையில், வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படிதான் உட்கார வேண்டும். ஜன்னலோர முதல் நாற்காலி கணக்கு வாத்தியாருடையது. வெள்ளை மீசை, தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. கதவோரக் கடைசி நாற்காலி என்னுடையது.

"ஏலே, எந்திரி. நான் இன்னும் உக்காரலல்லா?" என்பதுதான் முதல் நாள் அவர் என்னிடம் பேசியது.

அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. உடனே அறுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. முதுமைக்கென்று சம்பளத்தில் பிடித்த சேமநிதியைக் கேட்டார் வாத்தியார். வேலையை விட்டால்தான் தர முடியும், அதுதான் சட்டம் என்றார் பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரை. வாத்தியார் அங்கேயே நின்று ராஜினாமா எழுதிக் கொடுத்தார்.

மனைவி எழுந்து நடமாடியதும், காலியான அதே வேலைக்கு மனுப் போட்டார். "முன்பிருந்தவர் குடும்பக் காரணமாக விலகியதாக அறிகிறேன்" என்று அதில் எழுதியிருந்தார். துரை சிரிக்கவில்லை. புது ஆளுக்குரிய சம்பளத்தில் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் நான் அறைக்குள் நுழைந்தபோது, அவர் கடைசி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க ஐயா" என்றேன்.

"நீங்கள்லா எனக்கு மூத்தவரு. மொதல்ல நீங்க உக்காருங்க அண்ணாச்சி."

எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அது கேலியா, ஒழுங்கா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. கடைசிக்கு முந்தைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.