ஹெயிலிங் ஃப்ரம்

கடைசி வருடம் முழுக்கச் சனிக்கிழமைகளில் எங்களுக்கு பிளேஸ்மெண்ட் வகுப்பு. பெங்களூரிலிருந்து ஒரு சார் வருவார். இன்டர்வியூவில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் சொல்லவேண்டிய பதிலை அவரே தயாராக வைத்திருந்தார். 'ஐ ஆம் ஹெயிலிங் ஃப்ரம்' என்று ஆரம்பிக்கும். வகுப்பு மொத்தமும் அதை உருப்போட்டது. அவர் எழுதிக்கொடுத்த பதில்படி என் பலவீனமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பலவீனமும் ஒன்றேதான்: அளவுக்கு மீறி உழைப்பது. இதற்குப் பெயர் ஆளுமை வளர்ப்பாம். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்டர்வியூ அறைக்குள் இங்கிலீஷ் தவிர வேறு மொழி வாயில் வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று மாநில எல்லையோரத்தில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். "அதெல்லாம் ஒரு குவாலிஃபிகேஷனா?" என்பார். சொல்லிவிட்டு வராந்தாவில் நின்று, தன் வீட்டுக்குப் போன் போட்டுக் கன்னடத்தில் கொஞ்சுவார்.

எங்கள் துறைக்கு ஆள் எடுக்க வந்தது ஒரே ஒரு கம்பெனி. அதன் பஸ் எங்கள் ஊர் உத்தனப்பள்ளி வழியாகப் போகும். வெளியூரில் தங்கி வேலை பார்க்க எங்கள் வீட்டில் விடமாட்டார்கள்; இதை விட்டால் எனக்கு வேலை என்பதே கிடையாது. ராயக்கோட்டையிலிருந்து வரும் என் தோழிக்கும் அதே நிலைதான். அவள் எனக்கு முன்னால் உள்ளே போனாள். வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது.

"ஃபேக்டரி லைன்ல வேலை செய்யறவங்களுக்கு எப்படி வேலை சொல்லுவேன்னு கன்னடத்துல கேட்டாங்கடி. சார் சொன்னாப்பல நான் இங்கிலீஷ்லயே சொன்னேன். சிரிச்சிட்டாங்க. நீயாவது கன்னடத்துல பேசிடு."

தக்காளி மண்டியில் அவள் பேசும் கன்னடத்தில் பாதிகூட எனக்கு வராது. வந்தவரைக்கும் பேசினேன். வேலை எனக்குக் கிடைத்தது, அவளுக்கு இல்லை.

அடுத்த வாரமே கல்லூரி வாசலில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். என் படம், அதற்குக் கீழே 'எங்கள் பயிற்சியின் வெற்றி'. கிழித்துப்போடக் கை துறுதுறுத்தது. அந்தப் பயிற்சி என் தோழியின் வாயைப் பூட்டியதைத் தவிர வேறு என்ன செய்தது?

போன மாதம் அதே சார் போன் செய்தார். "ஜூனியர்ஸ்கிட்ட ரெண்டு நிமிஷம் வந்து பேசும்மா. எப்படி ஜெயிச்சேன்னு இங்கிலீஷ்ல சொன்னா போதும்."

"நானு பரல்ல சார்" என்றேன். வரமாட்டேன் என்பதைக் கன்னடத்தில்தான் சொன்னேன். அவருக்கு நன்றாகவே புரிந்தது.