நல்லெண்ணெய் பூசிய வாத்துக் குழல்கள்

2006 செப்டெம்பர், வெள்ளிக்கிழமை. முற்பகல் 11.40க்கு லண்டன் விமானம் கார்டர்மூன் நிலையத்தில் இறங்கியது. ஒஸ்லோ நகரம் இங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். விரைவு ரயிலுக்கு நூற்றறுபது குரோனர்; பத்தொன்பது நிமிடத்தில் நகர மையம். அங்கே சுரங்க ரயிலுக்கு மாறி, புருசெத்தில் இறங்கினேன். பேர்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. ஊர் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை. ஒரு குற்றத்தைச் சொல்லித் தீர்க்க வந்திருந்தேன்.

என் நண்பன் சூசை மன்னார்க்காரன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஓய்வு பெற்றபின், புருசெத்தில் தான் குடியிருக்கும் மாடிக்கட்டடத்தின் நிலவறையில் தனக்குரிய சாமான் அறையில் ஒரு கடைசல் இயந்திரத்தை வைத்து, சீடர் மரத்தில் வாத்துக் குழல் செய்துவந்தான். வேட்டைக்காரர் நாணலுக்குள் ஒளிந்து அதை ஊதினால் அசல் வாத்துக் குரல் எழும். பறக்கும் வாத்துகள் ஏமாந்து இறங்கும். மரம் கொடுத்தவர் ஐந்தாம் மாடி ஊலா. அவர் தச்சர்; வீட்டுச் சுவர்களுக்கு அடித்து மிஞ்சிய துண்டுகளைச் சும்மா தருவார்.

இரண்டு வருடங்களுக்கு முன் வந்தபோது, சூசை கடைக்குப் போன நேரத்தில் குழல்களுக்குப் பூச அவன் வைத்திருந்த ஆளிவிதை எண்ணெய்ப் போத்தலைத் தட்டிக் கொட்டிவிட்டேன். தரையைத் துடைத்தேன். மேலே குசினிக்குப் போய் நல்லெண்ணெயை எடுத்துவந்து அதே போத்தலில் நிரப்பினேன். நிறம் ஒத்திருந்தது. சூசைக்கு மூக்கடைப்பு, மணம் பிடிபடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும், நல்லெண்ணெய் அப்படி இறுகாது என்பது எனக்குத் தெரியும். நாற்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் சூசை சொன்னான்: குழல்கள் காயவேயில்லை, பழுது மரம் தந்தாய் என்று ஊலாவோடு சண்டை, கடைவதை விட்டாயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

பிற்பகல் 2 மணி. நிலவறையில் சூசை ஒரு பெட்டியைத் திறந்தான். பன்னிரண்டு குழல்கள்.

"தொட்டுப் பார், வாத்தி. இன்னும் கையிலை ஒட்டுது. மரம் பழுது."

"மரம் பழுதில்லை, மச்சான். நான்தான் பழுது."

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரு குழலை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"ரெண்டு வருசமா லிஃப்ட்டிலை அந்த மனுசனைக் கண்டா நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். ஒரு ஃபோன் அடிச்சுச் சொல்லேலாதோ?"

"முகத்தைப் பாத்துச் சொல்லவேணும் எண்டு இருந்தனான்."

"பயந்தனான் எண்டு சொல்லு."

"ஓம். பயந்தனான்."

"நட மேலை. அவனுக்கும் நீதான் சொல்லவேணும்."

ஐந்தாம் மாடிக் கதவில் நின்று ஊலாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் மாறாமல் கேட்டுவிட்டு, சூசையிடம் நோர்வேஜிய மொழியில் ஏதோ கேட்டார். சூசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"என்னவாம்?"

"வாத்தைப் பொரிக்கிறதும் உந்த எண்ணெயிலைதானோ எண்டு கேக்கிறான்!"

சனிக்கிழமை மூவரும் கீழே இறங்கினோம். குழல்களை டர்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். சீடரின் சிவப்பும் மணமும் திரும்பி வந்தன. துளைக்குள் எண்ணெய் இறங்கினால் உள்ளே ஒலி எழுப்பும் மெல்லிய நாக்கு அதிராது. அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியைச் செருகி நிறுத்தினோம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஆளிவிதை எண்ணெயில் நாளுக்கு ஒரு மெல்லிய பூச்சு. எண்ணெய்ப் போத்தலை மட்டும் சூசை என் கையில் தரவில்லை.

"நீ துணியைப் பிடி, காணும்."

ஊலா புதிய சீடர்த் துண்டுகள் ஒரு பை நிறையக் கொண்டுவந்து இயந்திரத்தடியில் வைத்தார். சூசை அதைக் காணாதவன்போல் இருந்தான். புதன் காலை நான் எழுந்தபோது, கீழே கடைசல் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழன், காலை 9.15. புருசெத் நிலையத்தில் சூசை ஒரு குழலை என் சட்டைப் பையில் செருகினான். "லண்டன் பார்க்கிலை நிண்டு ஊதாதை. பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

ரயிலில் அதைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். ஒட்டவில்லை. நகர மையம் வருமுன் நாலைந்து தரம் அழுத்தியிருப்பேன். லண்டனில் என் குசினியிலும் ஒரு நல்லெண்ணெய்ப் போத்தல் இருக்கிறது. இரண்டு வருடமாக அதை அலுமாரியின் பின்பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன். நாளைக் காலை எடுத்துத் தோசை சுடலாம்.